போனில் தெரிவது பழைய பந்து
இணையப் பந்தயத்தில் தாமதம் எப்படி வேலை செய்கிறது?



சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் குடிநீர் சம்பந்தமான கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். "சேர், எங்க மகன்கிட்ட நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க. என் சங்கிலி அடகுல இருக்கு. எல்லாம் அந்தப் போன்ல கிரிக்கெட் பந்தயம் கட்டித்தான் போச்சு" என்றார்.

மகனும் அங்கேதான் நின்றார். படித்த பிள்ளை. உயர்தரம் வரை போனவர். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே எமக்கே விளக்கம் சொன்னார். "இல்ல சேர், அது பழைய ஆப். அதுல எல்லாம் லேட்டா வரும். இப்ப புதுசு ஒண்ணு வந்திருக்கு. டீ.வீ.யில பந்து போடுறதுக்கு முன்னுக்கே இதுல ஸ்கோர் வந்துருது. தெரிஞ்சுகிட்டுக் கட்டுனா எப்படி சேர் தோக்கும்?"

கேள்வி நல்ல கேள்விதான். "பந்தயம் பாவம், கட்டாதே" என்று சொன்னால் அந்தத் தம்பிக்கு அது பதில் ஆகாது. அவர் கேட்டது வேகத்தைப் பற்றி. ஆகவே இந்த இதழில் அந்த வேகத்தைப் பற்றியே பேசுவோம். இணையப் பந்தயக் கம்பனிகள் தகவல் தாமதத்தை எப்படிக் குறைக்கின்றன? ஏன் குறைக்கின்றன? அதனால் இலாபம் யாருக்கு? இந்த மூன்றும் விளங்கினால், மிச்சத்தை ஒவ்வொரு வீட்டாரும் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தாமதம் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த ஒரு விடயத்திலிருந்து தொடங்குவோம். மலையில் கொழுந்து பறிக்கிறோம். கூடை நிறைந்ததும் மடுவத்துக்குக் கொண்டுவருகிறோம். அங்கே நிறுத்து, கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதுகிறார். பிறகு லொறி வந்து ஏற்றிப் போகிறது. தொழிற்சாலையில் மறுபடி நிறுக்கிறார்கள். காலையில் பறித்த கொழுந்தின் கணக்கு தொழிற்சாலைப் புத்தகத்தில் ஏறும்போது பல மணி நேரம் கழிந்துவிடுகிறது. ஒரு விடயம் நடந்த நேரத்துக்கும் அது மற்ற இடத்தில் தெரியவந்த நேரத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிதான் தாமதம். கணனித் துறையினர் இதை 'லேட்டன்சி' என்பார்கள்.

கொழுந்துக்கு மணிக்கணக்கு. கணனிக்கு விநாடிக் கணக்கு. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக வெட்டினால் வரும் ஒரு துண்டை மில்லி விநாடி என்கிறோம். பந்தயக் கம்பனிகள் அந்தத் துண்டுகளை எண்ணித்தான் வேலை செய்கின்றன.

ஒரு பந்து போனுக்கு வந்து சேரும் பாதை

மைதானத்தில் ஒரு விக்கட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உங்கள் கையில் உள்ள போனுக்கு இப்படித்தான் வந்து சேரும்:

1. மைதானத்திலேயே ஒருவர் இருப்பார். தகவல் சேகரிக்கும் கம்பனியின் ஆள். விக்கட் விழுந்தவுடன் கையிலுள்ள கருவியில் ஒரு பொத்தானை அழுத்துவார். அவர் கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே ஒரு விநாடி போகும்.

2. அந்தச் செய்தி தகவல் கம்பனியின் கணனிக்குப் போகிறது. சரியா பிழையா என்று அங்கே பார்க்கிறார்கள்.

3. அங்கிருந்து பந்தயக் கம்பனியின் கணனிக்குப் போகிறது. அந்தக் கணனி உடனே பந்தயத்தை நிறுத்தி வைக்கிறது. புதிய விலையைக் கணக்குப் போடுகிறது. ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விகிதத்தைத்தான் இங்கே விலை என்கிறோம்.

4. புதிய விலை இணையத்தின் வழியாக உங்கள் போனுக்கு வருகிறது.

5. நீங்கள் பார்க்கிறீர்கள், யோசிக்கிறீர்கள், அழுத்துகிறீர்கள்.

6. நீங்கள் அழுத்தியது அதே பாதையில் திரும்பக் கம்பனிக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று. கம்பனி மூன்றாவது படியில் நிற்கிறது. நீங்கள் ஐந்தாவது படியில் நிற்கிறீர்கள். எவ்வளவு வேகமான ஆப் வந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை. மடுவத்தில் நிறுக்கும் முன்னர் தொழிற்சாலையில் நிறுக்க முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

அப்படியானால் டீ.வீ.யை விட ஆப் முந்துகிறது என்று அந்தத் தம்பி சொன்னது பொய்யா? பொய் இல்லை, அவர் கண்டது உண்மை. ஆனால் ஆப் முந்தியதல்ல, டீ.வீ. பிந்தியது.

டிஷ் அன்டெனா வைத்த வீடுகளில் படம் விண்ணில் உள்ள செய்மதி வழியாக வருகிறது. அது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. மேலே போய்க் கீழே வர கால் விநாடி ஆகும். அது பெரிய விடயம் இல்லை. படத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதில்தான் மேலும் சில விநாடிகள் போகின்றன. போனில் நேரடி ஒளிபரப்புப் பார்ப்பவர்களுக்கு இன்னும் தாமதம். அங்கே படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். இடையில் படம் நின்றுவிடக் கூடாது என்று போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். ஆகவே இருபது, முப்பது விநாடி பிந்துவது சாதாரணம்.

ஸ்கோர் என்பது வெறும் எண். அது படத்தைப் போலப் பாரம் இல்லை, சீக்கிரம் வந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டீ.வீ.யைப் பார்த்தால், நடக்கப் போவது நமக்கு முன்கூட்டியே தெரிந்தது போல இருக்கும். உண்மையில் அது ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. கம்பனிக்கு அது நமக்கு முன்னரே தெரியும்.

இது புதிய தந்திரம் அல்ல

செய்தி முந்தி வந்தவன் காசு சம்பாதிப்பது மிகப் பழைய கதை. பிரான்ஸ் நாட்டில் 1834ம் ஆண்டு போர்தோ என்ற நகரத்தில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பிளாங்க் என்பது குடும்பப் பெயர். பாரிஸ் சந்தையில் அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை ஏறினால் இறங்கினால், அந்தச் செய்தி குதிரை வண்டித் தபாலில் போர்தோவுக்கு வரப் பல நாள் ஆகும். முதலில் தெரிந்தவன் வாங்கி விற்று இலாபம் பார்க்கலாம்.

அப்போது மின்சாரத் தந்தி இல்லை. ஆனால் அரசாங்கம் மலை மலையாகக் கோபுரங்கள் கட்டி, மரக் கைகளை அசைத்துச் சமிக்ஞை அனுப்பும் முறை ஒன்றை வைத்திருந்தது. அது அரசாங்கப் பாவனைக்கு மட்டும். இந்தச் சகோதரர்கள் இடையில் தூர் என்ற நகரத்தில் இருந்த தந்தி ஊழியருக்கு இலஞ்சம் கொடுத்தார்கள். அவர் அரசாங்கச் செய்திக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையான சமிக்ஞையைச் சேர்ப்பார். அடுத்ததாக 'முந்தியது பிழை, அழிக்கவும்' என்ற சமிக்ஞையும் போகும். செய்தி கெடாது. ஆனால் போர்தோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இவர்களுடைய ஆளுக்கு அந்தப் பிழைதான் செய்தி. ஏறக்குறைய இரண்டு வருடம் இது நடந்தது. 1836ல்தான் பிடிபட்டார்கள். வழக்கு நடந்தது. ஆனால் அதைக் குற்றமென்று சொல்ல அப்போது சட்டம் இருக்கவில்லை, தப்பிவிட்டார்கள்.

கதையின் கடைசிப் பாகம்தான் முக்கியம். அந்தச் சகோதரர்களில் ஒருவரான பிரான்சுவா பிளாங்க், 1863ல் மொனாக்கோ நாட்டின் சூதாட்ட மண்டபத்தை நடத்தும் உரிமையை எடுத்தார். மொண்டே கார்லோ என்று உலகம் முழுக்கப் பேர் எடுத்த இடம் அது. செய்தியை முந்தி அறிந்து சம்பாதித்த மனிதர் கடைசியில் பந்தயம் கட்டுகிற பக்கம் நிற்கவில்லை. பந்தயம் வாங்குகிற பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். இலாபம் எந்தப் பக்கத்தில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பனிக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

முன்பெல்லாம் இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு நம் ஊர் டவுனில் உள்ள புக்கியில் காசு கட்டினார்கள். ஓட்டம் தொடங்கியதும் கட்டுவது நின்றுவிடும். ஆகவே தாமதம் பெரிய பிரச்சினை அல்ல. இப்போது விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டலாம். அடுத்த பந்து நாலா, ஆறா, விக்கட்டா என்று கேட்கிறார்கள். இங்கேதான் கம்பனிக்குப் பயம் வருகிறது. மைதானத்தில் நேரில் இருப்பவன், கம்பனிக்குச் செய்தி வரும் முன்னர் போனில் கூட்டாளிக்குச் சொல்லிவிட்டால்? முடிவு தெரிந்த பந்துக்கு அவன் காசு கட்டிவிடுவான்.

இது கற்பனை அல்ல. 2014 ஜனவரியில் மெல்பேர்ணில் அவுஸ்திரேலியப் பகிரங்க டென்னிஸ் போட்டி நடந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு இளைஞரைப் பொலிசார் கைது செய்தார்கள். காற்சட்டைக்குள் மறைத்து வைத்த ஒரு கருவியை அழுத்தி, ஒவ்வொரு புள்ளியையும் உடனுக்குடன் வெளியே அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. சில வாரங்களில் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அதன் பின்னர் மைதானங்களில் போனும் கையுமாக இருப்பவர்களைக் கண்காணிப்பது அதிகமாயிற்று.

2016 பெப்ரவரியில் அதைவிட மோசமான செய்தி வந்தது. சிறிய டென்னிஸ் போட்டிகளில் நடுவர்தான் புள்ளியைக் கருவியில் பதிகிறார். அந்தக் கருவியிலிருந்துதான் பந்தயக் கம்பனிகளுக்குச் செய்தி போகிறது. சில நடுவர்கள் புள்ளியைப் பதிவதை ஒரு நிமிடம் வரை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, வெளியே இருந்த கூட்டாளிகளைக் கட்ட விட்டார்கள் என்று தெரியவந்தது.

ஆக, தாமதம் இருந்தால் அந்த ஓட்டை வழியாகக் கம்பனியின் காசு வெளியே போகும். அந்த ஓட்டையை அடைப்பதுதான் அவர்களுடைய நோக்கம். நமக்குச் சேவை செய்வதற்காக வேகப்படுத்தினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எப்படி வேகப்படுத்துகிறார்கள்?

வழிகள் பல. முக்கியமான ஆறு வழிகளை எங்கள் தோட்ட உதாரணங்களோடு சொல்கிறோம்.

ஒன்று: தூரத்தைக் குறைப்பது. கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிளில்தான் செய்தி ஓடுகிறது. மாத்தறையில் கரை ஏறும் கேபிள் அப்படியானது ஒன்று. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் போகும். இலங்கையிலிருந்து இலண்டனுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். ஒரு முறை போக ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போல வேண்டும். கேபிள் வளைந்து வளைந்து போவதால் உண்மையில் இன்னும் கூட. ஒளியின் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது. ஆகவே கணனியைப் பாவனையாளருக்குப் பக்கத்து நாட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். தூரத்துத் தொழிற்சாலைக்கு லொறி அனுப்பாமல் டிவிசனிலேயே ஒரு தொழிற்சாலை கட்டுவது போல.

இரண்டு: கேட்டுக் கேட்டு வாங்காமல், வந்தவுடன் தள்ளிவிடுவது. கடிதம் வந்ததா என்று தினமும் தபால் கந்தோருக்கு நடந்துபோய்க் கேட்பது ஒரு முறை. வந்தவுடன் தபால்காரர் லயத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது இன்னொரு முறை. பழைய ஆப்புகள் சில விநாடிக்கு ஒருமுறை "மாறியதா?" என்று கேட்டன. புதியவை கம்பனியோடு ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். மாறியவுடன் செய்தி தானாக வந்து விழும்.

மூன்று: மாறியதை மட்டும் அனுப்புவது. காலைப் பெரட்டில் இருநூறு பேரின் பெயரையும் எழுதி அனுப்பாமல், "இன்று வராதவர்கள் இந்த நாலு பேர்" என்று மட்டும் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். அதேபோல முழு ஸ்கோர் பலகையையும் அனுப்பாமல், மாறிய எண்ணை மட்டும் அனுப்புகிறார்கள்.

நான்கு: வரிசையைப் பிரிப்பது. மடுவத்தில் ஒரே தராசு இருந்தால், ஒருவருக்குக் கிலோ குறைந்துவிட்டது என்று வாக்குவாதம் வந்தால் எல்லோரும் காத்து நிற்க வேண்டும். தராசு நாலு இருந்தால் மற்றவர்கள் போய்க்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனி வரிசை வைப்பதால், ஒரு போட்டியில் நெருக்கடி வந்தாலும் மற்றப் போட்டிகள் தடைப்படாது. வரிசையில் மூன்று விலைகள் காத்திருந்தால் பழைய இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மட்டும் அனுப்புவார்கள்.

ஐந்து: 'நிறுத்து' என்ற செய்தியை முதலில் ஓட விடுவது. விக்கட் விழுந்தால் புதிய விலையைக் கணக்குப் போட நேரம் எடுக்கும். அதுவரை காத்திராமல் "பந்தயத்தை மூடு" என்ற சின்னச் செய்தியை முதலில் அனுப்பிவிடுகிறார்கள். போனில் திடீரென்று எல்லாம் சாம்பல் நிறமாகிப் பூட்டுப் படம் தெரிவது இதனால்தான்.

ஆறு: சராசரியைப் பார்க்காமல் மோசமானதைப் பார்ப்பது. நூறு செய்திகளில் 99 செய்திகள் 0.2 விநாடியில் வந்து, ஒன்று மட்டும் 5 விநாடி எடுத்தது என்போம். சராசரி 0.25 விநாடிக்கும் சற்றுக் குறைவு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஒரு பிந்திய செய்தி எப்போது வரும்? விக்கட் விழுந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தும்போதுதான் வரும். காசு போவதும் அப்போதுதான். ஆகவே பொறியியலாளர்கள் அந்தக் கடைசி ஒன்றைத்தான் துரத்துகிறார்கள். எல்லாக் கணனிகளின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தங்கியது என்று அளக்கிறார்கள்.

இந்த வேலைகள் பந்தயத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வைத்தியசாலை, வங்கி, புகையிரத சமிக்ஞை, வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இதே அறிவு வேண்டும். கணனி படிக்கும் நம் பிள்ளைகள் இதைப் படிக்கட்டும். நல்ல தொழில் கிடைக்கும் துறை இது.

வேகப்படுத்திய பிறகு ஒரு வேகத்தடை

இவ்வளவு பாடுபட்டு வேகப்படுத்திய கம்பனி, கடைசியில் ஒரு வேலை செய்கிறது. நீங்கள் பந்தயத்தை அழுத்தியவுடன், "ஏற்றுக்கொள்ளப்படுகிறது, பொறுங்கள்" என்று ஒரு வட்டம் சுற்றும். நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைப்போம். நெட் அல்ல. கம்பனியே உங்கள் பந்தயத்தைச் சில விநாடி பிடித்து வைத்திருக்கிறது. விளையாட்டைப் பொறுத்து அந்த நேரம் கூடும், குறையும். அந்த விநாடிகளுக்குள் மைதானத்தில் ஏதாவது நடந்துவிட்டால், பந்தயம் ஏற்கப்படாது, அல்லது "விலை மாறிவிட்டது, புதிய விலைக்குச் சம்மதமா?" என்று கேட்கும்.

அதாவது அவர்களுக்குச் செய்தி வரும் பாதையில் தாமதம் குறைக்கப்படுகிறது. உங்கள் பந்தயம் போகும் பாதையில் தாமதம் சேர்க்கப்படுகிறது. "தெரிந்துகொண்டு கட்டலாம்" என்ற அந்தத் தம்பியின் எண்ணம் நிற்காமல் போவது இந்த இடத்தில்தான். உங்களுக்கு முன்கூட்டித் தெரிந்த பந்து என்றால் அந்தப் பந்தயம் ஏற்கப்படாது. ஏற்கப்பட்ட பந்தயம் என்றால் அது உங்களுக்கு முன்கூட்டித் தெரியாத பந்து.

இப்போது காசுக் கணக்கு

சமபலமுள்ள இரண்டு அணிகள் விளையாடுகின்றன. நியாயமான விலை என்றால் 100 ரூபாய் கட்டி வென்றவருக்கு 200 கிடைக்க வேண்டும். கம்பனி 190தான் கொடுக்கும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் 100 ரூபாய் கட்டினால் கம்பனிக்கு வந்தது 200, கொடுப்பது 190. யார் வென்றாலும் பத்து ரூபாய் கம்பனிக்கு. கட்டிய காசில் நூற்றுக்கு ஐந்து. இது ஒரு உதாரணம். சில பந்தயங்களில் இதைவிடக் குறையும், அடுத்த பந்து எப்படி என்பது போன்ற சில்லறைப் பந்தயங்களில் கூடவும் செய்யும்.

நூற்றுக்கு ஐந்துதானே என்று நினைப்போம். 1,000 ரூபாயை வைத்து ஒருமுறை கட்டினால் சராசரியாக மிஞ்சுவது 950. அதையே மறுபடி கட்டினால் 902. பத்து முறை கட்டினால் சுமார் 599. இருபது முறை கட்டினால் சுமார் 358. ஒரு நாள் வெல்லலாம், இரண்டு நாள் வெல்லலாம். ஆனால் வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் கணக்கு இந்தப் பக்கம்தான் சாயும்.

முன்பு புக்கியில் ஒரு குதிரைக்குக் கட்டிவிட்டு முடிவு தெரியும் வரை காத்திருந்தார்கள். தோற்றால் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அந்த நடைக்குள் கோபம் ஆறும், புத்தி வரும். இருபது முறை கட்டப் பல நாள் ஆகும். இப்போது ஒரு இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 240 பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பந்தயம் வைக்கலாம். இருபது முறை கட்ட அரை மணி நேரம் போதும்.

தாமதம் குறைந்தால் கட்டும் தடவைகள் கூடும். தடவைகள் கூடினால் அந்த நூற்றுக்கு ஐந்து அத்தனை முறை வெட்டும். வேகமான ஆப் என்பது காசு வேகமாகப் போகிற ஆப். வேறொன்றுமில்லை.

கூலிக்கு விளையாடிய கிரிக்கெட்

இன்னொரு உண்மைச் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் மோலிப்பூர் என்ற கிராமத்தில் பொலிசார் ஒரு வயல்வெளி மைதானத்தைச் சுற்றி வளைத்தார்கள். அங்கே ஐ.பி.எல். போலவே ஒரு போட்டித் தொடர் நடந்துகொண்டிருந்தது. பெரிய லைட்டுகள், கமராக்கள், இரசிகர் கூட்டத்தின் ஆரவாரம் எல்லாம் இருந்தன. ஆரவாரம் இணையத்திலிருந்து எடுத்த ஒலி. வர்ணனையாளர் பிரபல வர்ணனையாளர் ஒருவரைப் போலக் குரல் மாற்றிப் பேசிய ஆள். வீரர்கள் அந்த ஊர்ப் பண்ணைத் தொழிலாளர்களும் வேலையில்லாத இளைஞர்களும். ஒரு ஆட்டத்துக்கு 400 இந்திய ரூபாய் கூலி.

இதை யூடியூப்பில் நேரடியாகக் காட்டினார்கள். ரஷ்யாவில் இருந்தவர்கள் நிஜப் போட்டி என்று நம்பிக் காசு கட்டினார்கள். கட்டப்பட்ட பந்தயத்தைப் பார்த்துவிட்டு, நடத்தியவர்கள் வோக்கி டோக்கியில் நடுவருக்குச் சொல்வார்கள். நடுவர் பந்துவீசுபவருக்கும் துடுப்பாடுபவருக்கும் சைகை காட்டுவார். அதன்படி நாலு அடிப்பார்கள், அல்லது ஆட்டமிழப்பார்கள்.

சாதாரணமாகப் பந்து முதலில், செய்தி பிறகு. இங்கே பந்தயம் முதலில், பந்து பிறகு. இப்படிப்பட்ட இடத்தில் தாமதம் ஒரு விநாடியா, நூறு விநாடியா என்று பார்த்து என்ன பயன்? போனில் தெரியும் மைதானம் நிஜமா என்று லயத்துத் திண்ணையில் இருந்து யாரால் கண்டுபிடிக்க முடியும்? அங்கே வெயிலில் நின்று 400 ரூபாய்க்கு விளையாடியவர்களும் கூலிக்காரர்கள்தான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நமது நாட்டிலும் விளையாட்டு முடிவை விலைக்கு விற்பது குற்றம். 2019ம் ஆண்டின் 24ம் இலக்க விளையாட்டுத் தொடர்பான குற்றங்களைத் தடுக்கும் சட்டத்தின்படி பத்து வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். நன்றாக விளையாடும் நம் பிள்ளைகளிடம் யாராவது வந்து "இந்த ஓவரில் இப்படிச் செய், காசு தாறேன்" என்றால், உடனே பெரியவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"டெலிகிராமில் ஒருத்தர் முந்தியே சிக்னல் தாறாராம். அது சரியா?"
அடுத்த பந்து நிச்சயமாகத் தெரிந்தவர், தானே கட்டிக்கொள்வாரே. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நமக்கு ஏன் சொல்ல வேண்டும்? பாதிப் பேருக்கு "வெல்லும்" என்றும் பாதிப் பேருக்குத் "தோற்கும்" என்றும் அனுப்பினால் பாதிப் பேருக்கு அவர் சொன்னது பலிக்கும். பலித்தவர்கள் அவரைக் கும்பிடுவார்கள். தந்திரம் அவ்வளவுதான்.

"விமானம் மேலே ஏற ஏறக் காசு கூடும் விளையாட்டு இருக்கே, சரியான நேரத்தில் அழுத்தினால் போதும்தானே?"
விமானம் எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது கம்பனியின் கணனி, உங்கள் விரல் அல்ல. நீங்கள் அழுத்தியது அந்தக் கணனிக்குப் போய்ச் சேரும் நேரம்தான் கணக்கு. மலையில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று இருக்கும் இடத்தில், திரையில் விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே அங்கே விழுந்து முடிந்திருக்கலாம்.

"வென்ற காசைத் தராவிட்டால் எங்கே முறையிடுவது?"
இப்படிப்பட்ட கம்பனிகள் பல, கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவு போன்ற இடங்களில் உரிமம் எடுத்தவை. சில எந்த உரிமமும் இல்லாதவை. சம்பளம் குறைந்தால் கந்தோருக்குப் போகலாம், தொழிற் திணைக்களத்துக்குப் போகலாம். அந்தத் தீவுக்கு எப்படிப் போவது?

"கட்டுவதை நிறுத்த நினைக்கிறேன், முடியவில்லை. என்ன செய்வது?"
வெட்கப்பட ஒன்றும் இல்லை. விடாமல் கட்ட வைப்பதற்காகவே இவை செய்யப்பட்டுள்ளன. போனிலிருந்து ஆப்பை அழியுங்கள். வங்கிக் கார்ட்டைச் சில மாதத்துக்கு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். சம்பளம் வந்த அன்றே கடைக் கணக்கு, சீட்டு, பிள்ளைகளின் செலவு ஆகியவற்றைக் கட்டிவிடுங்கள். தோற்ற காசைப் பிடிக்க மறுபடி கட்டாதீர்கள், கடன் பெருகுவது அந்த இடத்தில்தான். மனம் மிகவும் உடைந்து போனால் தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டிய பிள்ளையைத் திட்டுவதால் அவர் போனை மறைத்து வைப்பார், அவ்வளவுதான். எவ்வளவு கடன், யாரிடம், எது அடகில் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். கடன் எவ்வளவு என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

முடிவாக

நாம் அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து அந்த ஆறு படிகளையும் கீறிக் காட்டினோம். கம்பனி எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டோம். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பார்க்கிறது எப்பவும் பழைய பந்துதானே சேர்" என்றார்.

"ஆமா தம்பி, அதுதான்."

பிறகு அவராகவே இன்னொன்றும் கேட்டார். "இந்தக் கணனி வேலையைப் படிக்கிறதுன்னா எங்க படிக்கலாம்?"

அவருடைய அம்மாவின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாதம் மாதம் வட்டி கட்டி வருகிறார்கள். மீட்க இன்னும் சில சம்பளம் வேண்டும். ஆனால் புதிதாக எதுவும் அடகுக்குப் போகவில்லை என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள இளைஞர்களிடம் கொடுங்கள். அந்த ஆறு படிகளையும் ஒரு தாளில் அவர்களே கீறிப் பார்க்கட்டும்.